படியிறங்க முடியாதவர்களின் சார்பில் ஒரு விண்ணப்பம்

தென் கொல்கத்தாவின் பழைய மாடிக் கட்டடங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு



லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும், ராஷ்பிகாரி அவென்யூ தொடங்கி சதர்ன் அவென்யூ வரையிலும், லிப்ட் வைக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்பே எழும்பிவிட்ட மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்களில் இரண்டு தலைமுறையாகவும் மூன்று தலைமுறையாகவும் வாழ்ந்து வருகிற உங்களிடத்தில் ஒரு விஷயத்தை நேர்முகமாகச் சொல்ல வேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது. அரசாங்கத்துக்கு எழுதலாம், ஆனால் ஒரு தனியார் கட்டடத்தின் மாடிப்படியில் கைப்பிடி இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் நடைமுறையில் அந்தப் படியின் ஒவ்வொரு கல்லிலும் பிரிக்கப்படாத பங்குடைய உங்களிடத்தில்தான் இருக்கிறது. ஆகையால் இந்த மடல் உங்களுக்கே.

உங்கள் தலைக்கு மேலேயோ, எதிர்க்கதவுக்கு அப்பாலோ, தெருவில் கால் வைத்து மாதக்கணக்காகிவிட்ட ஒருவர் இருக்கிறார். அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிளைவ் தெருக் கம்பெனியிலோ, ரயில்வேயிலோ, அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசிலோ ஆயுளில் பாதியைச் செலவிட்டு, டிராமில் நின்றுகொண்டே போய் வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இந்த நகரத்தையே தம் ஊராக்கிக் கொண்ட பெரியவர் அவர். அல்லது வாழைப்பூவுக்கும் சேனைக்கும் வங்காளியிலே பேரம் பேசி, இரண்டு கையிலும் பையோடு அதே படிகளில் ஏறி வந்து நாலு பேருக்குச் சமைத்துப் போட்ட அம்மாள். அல்லது பிறந்ததிலிருந்தே சரீரத்தின் தசைகள் சொன்னபடி கேளாத, ஆனால் புத்தியில் யாருக்கும் குறையாத ஒரு இளைஞன். ரவீந்திர சரோவரத்தின் காலைக் காற்று இவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் வீசிக்கொண்டிருக்கிறது. அதை அனுபவிக்க முடியவில்லை. இதற்குக் காரணம் வயோதிகம், நோய், விதி என்று சொல்லி நாம் மேலே போய்விடுகிறோம். ஆனால் அதே முழங்காலோடும் அதே இருதயத்தோடும் அவர் தரைத்தளத்தில் குடியிருந்திருப்பாரேயானால், இன்று காலை ஒரு தடியை ஊன்றிக்கொண்டு கோயிலுக்குப் போய், திரும்பி வருகிற வழியில் பத்திரிகை வாங்கி, எதிர்ப்பட்டவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள். அப்படியானால் அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பது அவருடைய முழங்கால் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு, இடது கால் சூம்பிப் போய், இரும்புச் சட்டத்தின் துணையோடு நடந்து வளர்ந்தவன் நான். இளமையில் தோளிலும் கையிலும் இருந்த பலத்தால் எந்தப் படியையும் ஏறிவிடுவேன். வயது ஏற ஏற அந்தப் பலம் குறைந்து, முதுமை, ஊனம் என்று ஜனங்கள் வெவ்வேறாக வைத்துப் பேசுகிற இரண்டு நிலைகளும் என் ஒருவனுடைய உடம்பிலேயே வந்து கூடிவிட்டன. இவ்விரண்டு வழக்கும் ஒரே வழக்குத்தான் என்பதை ஆகவே நான் அனுபவத்தால் அறிவேன். இன்று ஓடியாடித் திரிகிற நீங்களும் ஆயுள் நீடித்தால் அங்கே வந்து சேருகிறவர்களே. நான் கொஞ்சம் முன்னதாக வந்து சேர்ந்தவன், அவ்வளவுதான்.

முன்பு நான் குடியிருந்த ஒரு கட்டடத்தில், மாடிப்படியின் சுவர்ப் பக்கமாகவும் ஒரு கைப்பிடிக் குழாய் பதிக்க வேண்டும், செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று குடியிருப்போர் சங்கத்துக்கு விண்ணப்பித்தேன். பொதுக்கூட்டத்தில் அது பேசப்பட்டது. படியின் அகலம் குறைந்து பீரோவையும் கட்டிலையும் ஏற்ற முடியாமற் போகும் என்றார் ஒருவர். கட்டடத்துக்கு நர்ஸிங் ஹோமின் சாயல் வந்துவிடும், விற்கப் போனால் விலை குறையும் என்றார் இன்னொருவர். ஒருவருக்காக எல்லோருடைய படியையும் மாற்றுவது நியாயமா என்று மூன்றாவது ஒருவர் கேட்டபோது, அந்தக் கேள்வியின் நியாயத்தில் பலருக்கும் திருப்தி உண்டாகி, விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அது எடுக்கப்படவே இல்லை. அவர்களில் ஒருவரும் கெட்டவர் அல்லர். என் தாயார் காலமானபோது தோள் கொடுத்தவர்கள் அவர்களே. சாமான்களை என் வீட்டு வாசல் வரை கொண்டு வந்து வைத்தவர்களும் அவர்களே. கருணைக்குக் குறைவில்லாத அந்த இடத்தில் ஒரு குழாய்க்குச் சம்மதம் கிடைக்கவில்லை என்பதே என் மனக்குறை. தயவு எப்போதும் கிடைத்தது. தயவு தேவைப்படாமல் வாழும் வசதி மட்டும் கிடைக்கவில்லை.

அந்த ஆக்ஷேபணைகளுக்கு அன்று சொல்ல முடியாமற் போன பதிலை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன், ஏனென்றால் அதே ஆக்ஷேபணைகள் உங்கள் கூட்டத்திலும் எழும். கை சரியாகச் சுற்றிப் பிடிப்பதற்கேற்ற குழாயின் பருமன் சுமார் 38 மில்லிமீட்டர். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழைவதற்கு 50 மில்லிமீட்டர் விட்டால் போதும். ஆக மொத்தம் மூன்றரை அங்குலம். பல வருஷத்துக்கொருமுறை ஏறுகிற பீரோவுக்காக அந்த மூன்றரை அங்குலத்தைப் பாதுகாத்து வைத்துக்கொண்டு, தினந்தோறும் ஏற வேண்டிய மனிதரை இறங்காமல் செய்வது எந்தக் கணக்கில் சரியாகும்? ஒரு பக்கம்தான் ஏற்கெனவே கைப்பிடி இருக்கிறதே என்பீர்கள். பக்கவாதத்தால் வலது பக்கம் செயலிழந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஏறும்போது கைப்பிடி இடது புறத்தில் இருந்தால் அவர் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். இறங்கும்போது அதே கைப்பிடி பிடிக்க முடியாத வலது கைப் பக்கமாகப் போய்விடுகிறது. மருத்துவமனையிலிருந்து வந்து மேலே ஏறிப் போனவர் பிறகு கீழே வராமலே இருந்துவிட்டார் என்ற செய்தியை நீங்கள் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறீர்கள்! அதற்குப் பல சமயங்களில் இவ்வளவு சின்னக் காரணமே உண்டு.

நம் கட்டடங்களின் பழைய மரக் கைப்பிடிகளை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வழவழப்பான, அழகான வேலைப்பாடுதான். ஆனால் கைப்பிடி கடைசிப் படிக்கு ஒரு படி முன்னதாகவே வளைந்து முடிந்துவிடுகிறது. இறங்கி வருகிறவருடைய கை வெறும் காற்றைப் பிடிக்கிற அந்த இடத்தில், கால் இன்னும் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. விழுவது அங்கேதான். இதனாலேயே, முதற்படிக்கு முன்பும் கடைசிப் படிக்குப் பின்பும் கைப்பிடி 300 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு மஞ்சள் பட்டை, திருப்பந்தோறும் ஒரு நல்ல விளக்கு, அந்த விளக்குக்குக் கை எட்டும் உயரத்தில் ஒரு சுவிட்ச்: கண் மங்கியவருக்கு இவ்வளவு போதும். சிவப்புச் சாந்து பூசிய படிகளும் நாற்பது வாட் பல்புமாக இருக்கிற நம் மாடிப்படிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்தப் படி எங்கே முடிகிறது என்று எனக்கே தெரிவதில்லை.

சட்டம் இதைக் கட்டாயப்படுத்துகிறதா என்று கேட்பீர்கள். உங்களிடம் எதையும் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்களை ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் அணுகக் கூடியவையாக்க வேண்டும் என்றும், புதிய கட்டடங்களின் வரைபடங்களில் அவ்வசதி இல்லையேல் அனுமதியே கொடுக்கலாகாது என்றும் அது சொல்லுகிறது. அந்த ஐந்து வருஷக் கெடு கழிந்து போயிற்று. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் விதிகள் வெறும் ஆலோசனைகளாக இருப்பது போதாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்று அரசுக்குக் கட்டளையிட வேண்டியதாயிற்று. ஆயினும், 1940லோ 1960லோ கட்டிய உங்கள் சொந்த வீட்டின் படிக்கட்டை நாளைக்கே சீர்ப்படுத்து என்று உங்களை நிர்ப்பந்திக்கும் ஆணையாக இவை எதையும் நான் காட்டப் போவதில்லை. மாற்றுத்திறனாளி தம் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையுடையவர் என்று அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்லுகிறது. அந்த உரிமை மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்கு வந்து சேருவது உங்கள் மனச்சாட்சியின் வழியாகத்தான்.

இந்த நகரத்தையே சேர்ந்த ஜீஜா கோஷ் அம்மையாரின் வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பெருமூளை வாதம் உடைய அவர் ஒரு மாநாட்டுக்காகக் கோவாவுக்குப் புறப்பட்டு விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு, 2012 பிப்ரவரியில் இங்கே கொல்கத்தா விமான நிலையத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்து, 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி அந்த விமானக் கம்பெனிக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பத்திரிகையில் படித்து நம்மில் எல்லோரும் நியாயம் வென்றது என்று சந்தோஷப்பட்டோம். விமானத்திலிருந்து ஒருவரை ஒரு தடவை இறக்கிவிட்டது அநீதி என்றால், தம் வீட்டிலிருந்து ஒருவரை வருஷக்கணக்காக இறங்க முடியாமல் வைத்திருப்பதை என்னவென்று சொல்லுவது?

தமிழ்நாட்டிலிருந்து ஒரு சரித்திரத்தையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராயிருந்த மேரி வர்கீஸ் 1954ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவரானார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966ல் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் தோன்றக் காரணமாயிருந்தார். உடம்பைச் சீராக்குவது பாதி வேலைதான், அந்த உடம்பு திரும்பிப் போய் வாழப் போகிற வீட்டைச் சீராக்குவது மீதிப் பாதி என்பது அத்தகைய மருத்துவத்தின் சித்தாந்தம். வங்காள மக்கள் வேலூரின் மீது வைத்திருக்கிற நம்பிக்கையை ஹௌராவிலிருந்து புறப்படுகிற தெற்கத்தி ரயில்களில் நீங்கள் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். இடுப்பெலும்புக்கும் முழங்காலுக்கும் அங்கே போய்ச் சிகிச்சை செய்துகொண்டு, நடக்கப் பழகிக்கொண்டு, நம்பிக்கையோடு ரயிலேறித் திரும்புகிறவர், இங்கே தம் வீட்டுப் படியின் அடியில் வந்து நின்றவுடன் நாலு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். லட்சக்கணக்கில் செலவிட்டுப் பெற்ற நடை அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

இனி, வாசலுக்கு வருவோம். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் தரையை இரண்டடி, இரண்டரையடி உயர்த்திக் கட்டியதற்கு நியாயமான காரணம் உண்டு. மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற நகரம் இது; 2025 செப்டம்பரில் துர்கா பூஜைக்குச் சில தினங்களே இருக்கையில் ஓர் இரவுக்குள் பெய்து ஊரையே மூழ்கடித்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே தரையைத் தாழ்த்துங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாய்தளம் அமைக்கலாம். ஆனால் அதை அமைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டரையடி உயரத்துக்கு முப்பதடி. இந்தக் கணக்கை அறியாமல், மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குப் போடுவது போல ஐந்தடியில் ஒரு சிமெண்டுச் சரிவைப் போட்டுவிட்டுச் சாய்தளம் கட்டிவிட்டோம் என்று திருப்தி கொள்ளுகிற கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் அதன் மீது ஏறுவதும் ஆபத்து, இறங்குவது அதைவிட ஆபத்து. முப்பதடி இடம் முன்வாசலில் இல்லையென்றால், கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்தில் நடுவே ஒரு சமதளம் வைத்து மடக்கிக் கட்டலாம். அதற்கும் இடமில்லாத சந்துகளில், ஒரு நாற்காலியை மட்டும் அந்த இரண்டரையடி உயர்த்தித் தருகிற சிறு மின்தூக்கி மேடைகள் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. பூஜைக் காலத்தில் சில வாரங்களுக்குள் மூங்கிலையும் துணியையும் கொண்டே ஒரு கோபுரத்தையோ அரண்மனையையோ எழுப்பிக் காட்டுகிற கைகள் நிறைந்த நகரத்தில், ஒரு சரிவுப் பாதைக்கு வழி தெரியவில்லை என்று சொல்லுவது பொருந்தாது.

லிப்ட் விஷயம் பெரிது. செலவு மிகுந்தது, பழைய அஸ்திவாரம் தாங்குமா என்பதை எஞ்சினியர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆயினும் அதிலே பல கட்டடங்களில் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது பணமோ அஸ்திவாரமோ அல்ல. தரைத்தளத்தாரும் முதல் மாடியாரும் எங்களுக்கு அது எதற்கு என்று கையெழுத்திட மறுப்பதுதான். சிங்கப்பூரில் நம் தமிழர்களும் பெருவாரியாகக் குடியிருக்கும் அரசாங்க அடுக்குவீடுகளில், பழைய கட்டடங்களின் லிப்ட்டுகள் சில மாடிகளில் மட்டுமே நிற்குமாறு கட்டப்பட்டிருந்தன. 2001 முதல் ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் நிற்கும்படி அவற்றைத் திருத்தி அமைக்கலானார்கள்; ஆனால் ஒரு கட்டடத்தில் வேலை தொடங்குவதற்கு அங்கே குடியிருப்பவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து வீட்டார் ஆதரவாக வாக்களித்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. லிப்ட் தேவைப்படாத கீழ்மாடிக்காரர்களும் வாக்களித்தார்கள். பிறகு 2012 முதல், முதியோர் வாழும் வீடுகளின் குளியலறையில் பிடிகம்பி பொருத்தவும், வழுக்காத தரை அமைக்கவும் மானியம் கொடுத்து வருகிறார்கள். ஜப்பானிலும் 2000ல் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில் இத்தகைய வீட்டுத் திருத்தங்களுக்கென்றே இரண்டு லட்சம் யென் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. இங்கே நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாக்கு மட்டும் நம்மிடத்திலும் இருக்கிறது.

மாடிப்படிக்குப் பங்காளிகள் பலர். வீட்டுக்குள்ளே அந்தச் சாக்கும் கிடையாது. குளியலறைக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எண்ணெய் ஸ்நானம் செய்கிற வழக்கத்தைக் கொல்கத்தா வந்தும் விடாதவர்கள் நாம். நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்து ஓடுகிற மொசைக் தரையில் எழுபத்தைந்து வயது மாமியார் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? துண்டு போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். இரண்டு சின்னத் திருகாணிகளில் தொங்குகிற அந்தக் கம்பி ஒரு துண்டின் பாரத்துக்கென்று செய்யப்பட்டது. அது சுவரிலிருந்து பெயர்ந்து வருகிற நாளில்தான் நம் வீடுகளில் ராஜ்மிஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். செங்கல் வரைக்கும் துளையிட்டுப் பதித்த உறுதியான பிடிகம்பிகள் இரண்டு, ஸ்நானத்துக்குத் துளைகளுள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார்ந்தபடியே கையில் பிடித்துக் குளிக்க ஒரு குழாய், சொரசொரப்பான ஓடு: ஒரு கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்கு ஆகிற செலவில் இவை ஒரு சிறு பங்கு.

குளியலறையின் கதவையும் பாருங்கள். அநேகமாக எல்லாக் கதவுகளும் உட்பக்கமாகத் திறக்கின்றன. உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்து கதவின் மேலேயே சாய்ந்துவிட்டால், வெளியே நிற்கிறவர் தள்ளத் தள்ள அவருடைய உடம்பையே நசுக்குகிறார். கீல்களைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றவும், தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாகப் பொருத்தவும் ஒரு தச்சருக்கு ஒரு பகல் போதும். இந்த ஒரு மாறுதலை மட்டுமாவது இந்த மடலைப் படித்த வாரத்திலேயே செய்துவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

நிலைவாசற்படியைப் பற்றிச் சிலருக்கு மனத்தில் ஒரு சங்கடம் இருப்பதை அறிவேன். மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, லக்ஷ்மி வாசம் செய்கிற இடமாகப் பாவிக்கிற படியை அறுத்து எடுப்பதற்கு மனம் வராது. வர வேண்டியதும் இல்லை. படியை அப்படியே இருக்க விட்டு, இரு பக்கமும் மரத்தால் சரிவுப் பலகை செய்து பொருத்தினால், பூஜையும் நடக்கும், சக்கரமும் உருளும். பூஜை அலமாரியைக் கொஞ்சம் உயர்த்தி அமைத்தால், தரையில் உட்கார முடியாமையினால் விளக்கேற்றும் உரிமையை மருமகளிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிற அம்மாள், நாற்காலியில் அமர்ந்தபடி தம் கையாலேயே மறுபடியும் ஏற்றுவார். அடுப்பு மேடையில் ஒரு பகுதியைத் தாழ்த்தி, அதன் கீழே முழங்கால் நுழைய இடம் விட்டால், காலையில் முதற்காப்பியை அவரே போட்டுக்கொள்ளுவார். பிறருக்கும் போட்டுக் கொடுப்பார்.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாருக்காகச் செய்கிறீர்களோ அவரைக் கேட்டுச் செய்யுங்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளையும் மாப்பிள்ளையும் மிஸ்திரியும் கூடிப் பேசி, அவருடைய கைக்கு எட்டாத உயரத்தில் கம்பியைப் பதித்துவிட்டுப் போகிற வீடுகள் உண்டு. எந்தக் கை பலமுள்ளது, எந்தப் பக்கமாக எழுந்திருக்கிறார், இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறார் என்பவையெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இதை முறையாக ஆராய்ந்து சொல்லுகிற நிபுணர்களும் இந்நகரத்தில் இருக்கிறார்கள். 1974ல் தொடங்கி இப்போது தாரதலாவில் இயங்கிவருகிற பெருமூளை வாத நிறுவனமும், பன்ஹுக்ளியில் 1978ல் மத்திய அரசு நிறுவிய உடல் இயக்கக் குறைபாட்டு நிறுவனமும் நம் ஊரிலேயே இருக்க, அங்கே போய் ஆலோசனை கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நாம் கேட்பது வேறிடத்தில். ஒருவர் கொஞ்சம் தள்ளாடத் தொடங்கியதும் ஆயா சென்டருக்குப் போன் செய்கிறோம். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று மாதந்தோறும் ஒரு பெரும் தொகையைக் கொடுத்து வருகிறோம். உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கு அந்தப் பெண்கள் செய்கிற சேவை மகத்தானது. பளுத் தூக்கித் தூக்கி அவர்களுடைய முதுகு ஒடிந்து போகிறதையும் நாம் நினைக்க வேண்டும். ஆனால் ஒரு பிடிகம்பி இருந்தால் தாமே எழுந்து தாமே போய் வரக் கூடிய ஒருவருக்கு, கம்பியை மறுத்துவிட்டு ஆயாவைக் கொடுப்பதினால், வாழ்நாள் முழுவதும் தம் சரீரத்தின் அந்தரங்கத்தைத் தமக்கென்றே வைத்துக் காப்பாற்றி வந்தவரை, அந்நியர் ஒருவரின் கையை எதிர்பார்த்துக் கட்டிலில் காத்திருக்கும்படி செய்துவிடுகிறோம். இரவில் ஆயாவை எழுப்பக் கூச்சப்பட்டு, சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்ட பெரியவர்களை நான் அறிவேன். அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அதனால்தான் நான் சொல்லுகிறேன்.

பழைய வீட்டைப் புரோமோட்டரிடம் கொடுத்துவிட்டுப் புதிய பிளாட்டுக்குக் காத்திருக்கிற குடும்பங்களும் உங்களில் இருக்கிறீர்கள். லிப்ட் வரப் போகிறதே, கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். லிப்ட் இருக்கிற கட்டடத்திலேயே, அந்த லிப்ட்டை அடைவதற்கு முன் மூன்று படியும் நான்கு படியும் ஏற வேண்டியதாக வைத்துக் கட்டியிருப்பதை இந்நகரத்தில் எங்கே பார்த்தாலும் காணலாம். தெருவிலிருந்து லிப்ட் வரைக்கும் படியே இல்லாத பாதை, 900 மில்லிமீட்டர் அகலமுள்ள கதவுகள், குளியலறையில் நாற்காலி திரும்புவதற்கு இடம்: இம்மூன்றையும், சதுர அடியையும் கார் நிறுத்துமிடத்தையும் எழுதி வாங்குகிற அதே ஒப்பந்தப் பத்திரத்தில், கையெழுத்துக்கு முன்பாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி முடிந்த பிறகு இடிப்பதற்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட வரைபடத்தில் திருத்துவதற்கு ஆகாது.

பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கும் இம்மடலைத் தயவு செய்து அனுப்பி வையுங்கள். அப்பா அம்மாவைப் பார்ப்பதற்குக் கூடத்தில் காமிரா வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் விழுந்ததைக் காட்டுகிற காமிராவுக்கு முன்னால், விழாமல் காக்கிற கம்பி வர வேண்டும். அடுத்த தடவை வரும்போது சாக்லேட்டையும் வைட்டமின் மாத்திரைகளையும் கொண்டு வருகிற அந்த அன்போடு, இரண்டு நாள் இங்கே தங்கி மிஸ்திரியின் பக்கத்தில் நின்று இந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. வருகிற பூஜைக்கு முன்பாக, மிஸ்திரிகளும் தச்சர்களும் கிடைக்கிற காலத்திலேயே, உங்கள் கட்டடத்தின் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். மாடிப்படியின் இரு பக்கமும் தொடர்ச்சியான கைப்பிடியும் போதுமான வெளிச்சமும் பொதுச் செலவில் அமைக்கப்படும் என்று தீர்மானம் செய்யுங்கள். சாய்தளமோ, தூக்கிமேடையோ, லிப்ட்டோ தம் செலவில் அமைக்க எந்தக் குடும்பம் விண்ணப்பித்தாலும், கட்டடத்தின் உறுதிக்குப் பங்கம் இல்லையென்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்த பட்சத்தில், சங்கம் ஆக்ஷேபிக்காது என்பதையும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். தரைத்தளத்தில் வாடகைக்கு விடுகிற வீடு காலியாகும்போது, மேல்மாடியில் இறங்க முடியாமல் இருக்கிற குடும்பத்துக்கு அதை மாற்றிக்கொள்ளுகிற முதல் உரிமையைக் கொடுங்கள்.

அந்தக் கூட்டத்தை வழக்கம்போல மொட்டை மாடியில் கூட்டாதீர்கள். தரைத்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டுங்கள். படியிறங்க முடியாதவர்களை அந்த ஒரு நாள் நாலு பேராகச் சேர்ந்து கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டு வந்து, முன்வரிசையில் அமர்த்தி, வாக்கெடுப்புக்கு முன்னால் அவர்களைப் பேசவிடுங்கள்.

இங்ஙனம்,
ஏரிக்கரைப் பகுதியில் உங்கள் அண்டைவீட்டான் ஒருவன்